உயிருக்குப் பச்சை

எழுத்தாளனுக்கு முதுமை எங்கே முதலில் வரும் என்று கேட்டால் பலர் கண்ணைச் சொல்வார்கள். சிலர் ஞாபகத்தைச் சொல்வார்கள். எனக்கு அது வலது கையின் கட்டை விரலில் வந்தது. பேனாவைப் பிடித்தால் விரல் நடுங்குகிறது. நடுங்குகிற விரல் எழுதுகிற 'க' தலைகுனிந்து கொண்டு 'சு' மாதிரி தெரிகிறது. என் கையெழுத்தை நானே மறுநாள் படிக்க முடியாமல், "இதை எழுதியவன் யார்?" என்று கோபித்துக்கொண்ட நாளும் உண்டு. எனக்கு இப்போது வயது 78. கோபித்துப் பயன் இல்லை.

ரஞ்சன்குடியில் இருக்கிறேன். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற நெடுஞ்சாலையில் பெரம்பலூர் வருவதற்கு முன்னால், கோட்டை ஒன்று கண்ணில் பட்டு மறைந்து போகும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே, "அதோ கோட்டை!" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிடும். அந்தக் கோட்டையின் ஊர்தான் என் ஊர். பதினேழாம் நூற்றாண்டில், கர்நாடக நவாபுக்கு அடங்கிய ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. சுற்றிலும் அகழி, உள்ளே ஒன்றைவிட ஒன்று உயரமாக மூன்று அடுக்கு மதில்கள். 1751-ஆம் ஆண்டில் வாலிகண்டபுரம் போர் நடந்தபோது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தப் பக்கத்துப் புழுதியைத்தான் கிளப்பினார்கள். இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில், புல்வெளியும் அமைதியுமாக இருக்கிறது. திருச்சியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதிவிட்டு, ஓய்வு பெற்று நானும் என் மனைவியும் இங்கே வந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

கோட்டையின் கதையைச் சொல்ல வரவில்லை. மடிக்கணினியின் விசைகளுக்கு வர்ணம் பூசிய கதையைச் சொல்ல வந்தேன்.

என் அண்ணன் பேத்தி பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கிறாள். சனி, ஞாயிறுகளில் வந்து எனக்குச் சமைத்துப் போட்டு, நான் செய்கிற தவறுகளை எல்லாம் கண்டித்துவிட்டுப் போவாள். ஒரு நாள் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "சின்னத் தாத்தா, இதை எந்தப் பத்திரிகையிலே வாங்கிக்குவாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

"வாயாலே சொல்லுங்க, போனே எழுதிடும்" என்று முதலில் அந்த வசதியைக் காட்டினாள். காட்டியபடி சொல்லிப் பார்த்தேன். அது எழுதத்தான் செய்தது. ஆனால் எனக்கு வாக்கியம் வாயில் வருவதில்லை; விரல் நுனியில்தான் வருகிறது. வாயைத் திறந்தால் நான் ரஞ்சன்குடிக்காரன். காகிதத்தைத் தொட்டால்தான் எழுத்தாளன். அரை மணி நேரம் பேசிவிட்டுப் படித்துப் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்து யாரோ மழை பெய்யாததைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அவள் பரணிலிருந்து அந்த மடிக்கணினியை இறக்கினாள். 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாக மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது அல்லவா? அந்தத் திட்டத்தில் அவள் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அவன் படித்து, வேலை கிடைத்து, வேறு வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். கறுப்பு விசைகள். அவற்றின் மேல் இருந்த ஆங்கில எழுத்துகளில் பாதி, அந்தப் பையனின் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து போயிருந்தன. தமிழ் எழுத்து அதில் என்றைக்குமே இருந்ததில்லை.

"எழுத்தே இல்லாத பலகையில் நான் எழுத்தை எங்கே தேடுவது?" என்றேன்.

"வர்ணம் அடிச்சிடலாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குத்தான் வர்ணம் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி 'தமிழ்99' என்று ஒரு விசைப்பலகை அமைப்பை வகுத்தார்கள். நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. அன்றைக்குத்தான் அதன் அமைப்பைக் கண்ணால் பார்த்தேன். பார்த்து அசந்து போனேன். உயிரெழுத்துப் பன்னிரண்டும் இடது கைக்கு. மெய்யெழுத்துகளில் பதினாறு வலது கைக்கு. 'வ'வும் 'ங'வும் மட்டும் இடம் போதாமல் இடது பக்கம் ஒதுங்கி நிற்கின்றன. ஆய்தம் ஒன்று. ஆக 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. நடு வரிசையில் அ, இ, உ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. குறிலின் தலைக்கு மேல் நெடில்! ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்துவிடுகிறது. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. தொல்காப்பியர் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்ன மாதிரி இருக்கிறது.

"இடது கை உயிர், வலது கை மெய். அப்போ இரண்டு வர்ணம் போதுமே, தாத்தா" என்றாள். ஆனால் அவளுக்கும் ஆசை விடவில்லை, எனக்கும் விடவில்லை. வல்லினத்துக்கு நீலம், மெல்லினத்துக்கு மஞ்சள், இடையினத்துக்கு வெள்ளை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு ஒன்று என்று ஆறு வர்ணத்துக்குத் திட்டம் போட்டோம்.

முதலில் ஒட்டுகிற ஸ்டிக்கர் வாங்கிப் பார்த்தோம். சித்திரை வெயிலில் என் கை வேர்வைக்கு அவை பத்து நாள்கூடத் தாங்கவில்லை. ஓரம் எழும்பி, அதில் புழுதி ஏறி, 'ப' ஒரு நாள் என் விரலோடு ஒட்டிக்கொண்டு சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. விசைகளைக் கழற்றிப் பூசலாமா என்று கேட்டேன். கூடாதாம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் குறுக்காக மடிந்து நிற்கின்றன. அவற்றின் கொக்கி ஒடிந்தால் விசை திரும்ப நிற்காது.

கடைசியில் பெரம்பலூர்க் கடைவீதியிலிருந்து நெயில் பாலிஷ் குப்பிகள் வந்தன. கணினியை அணைத்து, பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சினால் ஒவ்வொரு விசையையும் துடைத்தாள். கறுப்பின் மேல் எந்த வர்ணமும் எடுக்காது என்று முதலில் வெள்ளையில் மெல்லிய பூச்சு ஒன்று. அது காய்ந்த பிறகு வர்ணம். அதுவும் காய்ந்த பிறகு, அழியாத மைப் பேனாவினால் தமிழ் எழுத்து. அதன் மேல் நிறமில்லாத பூச்சு. தூரிகையில் ஒரு சொட்டு அதிகமாகிவிட்டால் இடுக்கில் வழிந்து விசை ஒட்டிக்கொள்ளும். பரீட்சைக்குக்கூட அவள் இவ்வளவு மூச்சடக்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆறு வர்ணமும் பூசி முடித்த அன்று பலகை தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். 'ந' எங்கே? மெல்லினம், மெல்லினத்துக்கு மஞ்சள், மஞ்சள் எங்கே? ஆறு இடத்தில் மஞ்சள். இலக்கணத்தை நினைத்து வர்ணத்தைத் தேடி, வர்ணத்தைக் கண்டு எழுத்தைத் தேடி, எழுத்தைக் கண்டபோது எழுத வந்த வார்த்தை போய்விட்டது. எல்லாவற்றுக்கும் அடையாளம் வைத்தால் எதற்குமே அடையாளம் இல்லை.

"அழிச்சிடலாம்" என்றாள் அவள். ஆனால் நகப்பூச்சை அழிக்கிற அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடுமாம். எந்த விசையில் சோதித்துப் பார்ப்பது? இருவரும் யோசித்தோம். தமிழில் அதிகம் வேண்டியிராத எழுத்து 'ஔ'தான் என்று முடிவு செய்தோம். ஒரு துளி பட்டதும் அந்த விசையின் முகம் கொப்புளித்து மங்கிப்போயிற்று. ஔவைப் பாட்டி எங்களை மன்னிக்க வேண்டும். மற்ற முப்பதையும் அவள் மரக்குச்சியால் சுரண்டிச் சுரண்டியே எடுத்தாள்.

மறுபடி தொடங்கும்போது, "இரண்டே வர்ணம். மெய்க்கு வெள்ளை. உயிருக்குச் சிவப்பு. உயிர்னா ரத்தம்தானே?" என்று சிவப்புக் குப்பியைத் திறந்தாள்.

"வேண்டாம், உயிருக்குப் பச்சை போடு" என்றேன்.

"ஏன்?"

"சிவப்பு வேறே ஒன்றுக்கு வேண்டும்."

அது எதற்கு என்று சொல்ல வேண்டுமானால், ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

1974-ஆம் ஆண்டில் எங்களுக்குக் கல்யாணம். என் மனைவி அதற்கு முன்பே தமிழ்த் தட்டச்சில் மேல்நிலைத் தேர்வு முடித்திருந்தாள். 'யளனக'விலிருந்து தொடங்கி, விசையைப் பார்த்தால் பிரம்பால் கையில் போடுகிற ஒரு வாத்தியாரிடம் கற்றவள். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுக்குச் சேலத்தில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. உத்தரவுக் கடிதம் ஒரு மாதம் அலமாரியில் இருந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் கைதான் அடுத்த முப்பது வருஷம் என் நாவல்களைத் தட்டச்சு செய்தது.

திருச்சியில் பழைய யந்திரம் ஒன்று வாங்கினோம். தமிழ்த் தட்டச்சு யந்திரமே ஒரு சாகசம். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா என்ற தமிழர் அதற்கு ஒரு வழி கண்டார். சில விசைகளை அடித்தால் உருளை நகராது. புள்ளியை அடித்தால் தாள் அப்படியே நிற்கும். பிறகு 'ம'வை அடித்தால் அது புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். "புள்ளி முதலில், எழுத்து பிறகு" என்பாள் என் மனைவி. "நீங்கள் எழுதுகிறதற்கு நேர் தலைகீழ்."

அந்த யந்திரத்தின் விசைகளில் வர்ணம் கிடையாது. வர்ணம் நாடாவில் இருந்தது. மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி சிவப்பு. பக்கத்தில் ஒரு சிறு நெம்பு. அதைத் தள்ளினால் எழுத்து சிவப்பாக விழும். கணக்கு எழுதுகிறவர்கள் பற்றுக்கும் வரவுக்கும் அதை உபயோகிப்பார்கள்.

என் முதல் நாவலின் பிரதி 1977-ஆம் ஆண்டில் என் கைக்கு வந்தபோது, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி சிவப்பாக இருந்தது. கதாநாயகனின் தாய் சாகிற இடம்.

"என்ன, நெம்பு சிக்கிக்கொண்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை. அந்த வரி பொய்" என்றாள், அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ராத்திரி எடுத்துப் படித்தேன். பொய்தான். அழவேண்டும் என்பதற்காக நான் அழுத வரி. அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரதியிலும் இங்கொன்று அங்கொன்றாகச் சிவப்பு வரிகள் வரும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். என் வாக்கியங்கள் நேராக இருக்கின்றன என்று அந்தக் காலத்தில் சிலர் பாராட்டி எழுதினார்கள். நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். அந்தப் பதில்களையும் அவளே தட்டச்சு செய்தாள்.

1983-ஆம் ஆண்டில் ஒரு நாவல். கடைசி அத்தியாயம் பதினொரு பக்கம். பதினொரு பக்கமும் சிவப்பு.

நான் அப்போது கொஞ்சம் பெயர் வாங்கியிருந்தேன். பெயர் வந்தவனுக்குக் கோபம் வரும். "டைப் அடிக்கிறதோடு நிறுத்திக்கொள். எழுதுகிறது என் வேலை" என்றேன். அவள் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போய், அன்று ராத்திரியே கறுப்பில் அடித்துக்கொண்டு வந்து வைத்தாள். நாவல் அப்படியே வெளிவந்தது. என் புத்தகங்களில் நான் திரும்பி எடுத்துப் படிக்காத புத்தகம் அது ஒன்றுதான்.

அதற்கு அப்புறம் எந்தப் பிரதியிலும் சிவப்பு வரவில்லை. நான் கவனித்தேன், கவனிக்காதது போல இருந்துவிட்டேன். "அன்றைக்குச் சொன்னதை மறந்துவிடு" என்று சொல்ல எத்தனை நாழிகை ஆகும்? எனக்கு முப்பத்தைந்து வருஷம் போதவில்லை. அவள் போன பிறகு யந்திரத்தின் பெட்டியைத் திறந்தபோது, கழற்றிப் போட்ட நாடாச் சுருள்கள் நாலைந்து கிடந்தன. மேல் பாதி தேய்ந்து வெளுத்து, நூல் தெரிந்தது. கீழ்ப் பாதி கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே சிவப்பாக இருந்தது.

இதை எல்லாம் நான் குழந்தையிடம் சொல்லவில்லை. "பின்னால் போய் அழிக்கிற விசை எது?" என்று மட்டும் கேட்டேன்.

"பேக்ஸ்பேஸ். மேல் வரிசையிலே வலது கோடியிலே."

"அதற்குச் சிவப்பு."

அவள் ஏன் என்று கேட்காமல் பூசினாள். இது நல்ல யோசனைதான் என்றும் சொன்னாள். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிலருக்கு, அதிலும் ஆண்களுக்கு, வித்தியாசம் தெரியாமல் போகுமாம். இதில் பச்சை இடது பக்கம், சிவப்பு வலது கோடி. எனக்கு அந்தக் குறை இல்லை. எனக்கு இருந்த குறை வேறு.

மூன்று மாதம் ஆயிற்று. முதல் வாரம் ஒரு நாளைக்கு நாலு வரி. 'ழ' எங்கே என்று தேடி அந்தப் பலகை முழுவதும் சுற்றினேன். அது கடைக்கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தது. நடுங்குகிற விரல் பக்கத்து விசையில் விழும். சிவப்பைத் தேடிப் போய் அழிப்பேன். இரண்டாம் மாதத்தில் இடது கைக்குப் பச்சை இருக்கிற இடம் பழகிவிட்டது. பேனாவுக்கு நடுங்குகிற விரல், தட்டுவதற்கு அவ்வளவாக நடுங்குவதில்லை என்பதையும் கண்டுகொண்டேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வருகிறது. என் மனைவி ஒரு மணி நேரத்தில் ஆறு பக்கம் அடிப்பாள். சோறு பொங்கும் நேரத்தை இடையில் கழித்துக்கொண்டு சொல்கிறேன்.

சாயம் இதற்குள்ளேயே அழியத் தொடங்கிவிட்டது. எது முதலில் அழிந்தது என்று நினைக்கிறீர்கள்? இ, உ இரண்டும், புள்ளி, அப்புறம் க, த. எல்லாவற்றிலும் முதல் எழுத்தாகிய 'அ' அவ்வளவு தேயவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் புரிந்தது. 'க' என்று தட்டினாலே அதற்குள் 'அ' இருக்கிறது. தனியாகத் தட்ட வேண்டியதில்லை. வார்த்தையின் தொடக்கத்தில் மட்டும்தான் அதன் முகத்தைப் பார்க்கிறோம். மற்ற இடத்தில் எல்லாம் அது மெய்க்குள் மறைந்து நின்று ஒலியைக் கொடுக்கிறது. வள்ளுவர் தம் நூலை அகரத்தைச் சொல்லித் தொடங்கினார் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டேன். அது தேயாத விசை என்று தெரிந்துகொள்ள 78 வயது வேண்டியிருந்தது.

சிவப்பு விசையும் தேய்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டையின் மேல் மதில் வரைக்கும் மெல்ல ஏறிப்போனோம். கீழே நெடுஞ்சாலையில் விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே உட்கார்ந்துதான் நாடாவின் கதையை அவளிடம் சொன்னேன். அவள் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்த பிறகு, "பாட்டி கிட்டே இதைச் சொல்லியிருக்கலாமே, தாத்தா" என்றாள். எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, பத்திரிகைக்கு அனுப்பிவிடு என்று அவளிடம் கொடுத்தேன். உள்ளே கொண்டுபோய்ப் படித்தாள். அரை மணி நேரம் கழித்து மடிக்கணினியைத் திரும்ப என் மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். திறந்து பார்த்தேன். கறுப்பு எழுத்துகளுக்கு நடுவில் ஒரு வரி சிவப்பாக இருந்தது.

படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அந்த வரி எது என்று கேட்காதீர்கள். அது இப்போது இதில் இல்லை.